நின்றால் நலியும்

உழைத்தால் தேயும் பொருள்கள் உலகில் பலவுண்டு. நின்றால் நலியும் பொருள்கள் சிலவே. மோட்டார் காரின் பேட்டரி இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. இவ்வுண்மையை நம் இல்லத்தார் அறிந்திருத்தல் மிகவும் தேவை. பொருளீட்டக் கடல் கடந்த ஆண்கள் ஆண்டுக்கொரு முறை வந்து ஓட்டிச் செல்ல, எஞ்சிய மாதங்களெல்லாம் போர்வைக்குள் உறங்கும் கார்கள் நம் ஊர்களில் எத்தனையோ!

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு அண்டை வீட்டார் நம்மை அழைத்தனர். அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டிருந்தது. வாசலில் கார் நின்றது. ஓட்டத் தெரிந்த தம்பியும் இருந்தார். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற ஒலியன்றி வேறில்லை. பானெட்டைத் தூக்கி விளக்கைப் பிடித்தோம். பேட்டரி அங்கே இல்லை! உம்மா பதறிக் கண்ணீர் உகுக்க, ஆட்டோ ஒன்றை வரவழைத்துப் பெண்ணை அனுப்பி வைத்தோம். இறையருளால் தாயும் சேயும் நலம். விடிந்தபின் தேடியபோது, டிக்கியின் அடிப்பலகைக்குக் கீழே பேட்டரி இருக்கக் கண்டோம்.

பெரும்பாலான கார்களில் அது பானெட்டின் கீழேதான் இருக்கும். ஆயினும் பழைய வோல்க்ஸ்வாகன் பீட்டிலில் பின்னிருக்கையின் அடியில் இருந்தது. பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில், முன்பாரம் மிகாதிருக்க டிக்கியில் வைத்துள்ளனர். தத்தம் வண்டியில் அது எங்குள்ளது என்பதைப் பகலிலேயே பார்த்து வைத்தல் நன்று.

ஈய பேட்டரியை 1859இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளாந்தே. ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2 வோல்ட், ஆக 12. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பிய தொல்லை, 1912இல் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்ததும் நீங்கத் தொடங்கியது. அன்று முதல் கார் பேட்டரியை நம்பி வாழ்கிறது.

நின்ற வண்டியிலும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கை மணியும் மின்சாரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும். பேட்டரி தானாகவும் இறங்கும். வெயில் மிகுந்தால் விரைந்து இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் ஈயத் தகடுகளில் படியும் சல்பேட் உப்பு இறுகிவிடும். பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் பழைய வலிமை திரும்பாது.

ஆகவே, வாரமொரு முறை அரைமணி நேரமேனும் வண்டியை ஓட்டுக. நின்ற இடத்திலேயே சிறிது நேரம் எஞ்சினை உறுமவிடுதல் போதாது. ஓய்ந்த நிலையில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்துள்ளது எனலாம், 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றுக. மூடி திறக்கும் வகையாயின், தகடுகள் மூழ்குமளவு காய்ச்சி வடித்த நீரே ஊற்றுக. கிணற்று நீர் ஆகாது. முனைகளில் வெண்பச்சை நிறமாய்ப் பூத்திருப்பின், எஞ்சினை நிறுத்தி, முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, ஆப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவுக. மாட்டும்போது எதிர்முனை இறுதியில். உள்ளிருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறுகையில் எழும் வாயுவோ தீப்பற்றக் கூடியது. கையுறை அணிக, பீடி, தீக்குச்சி அருகே வேண்டா, குழந்தைகளை விலக்கி நிறுத்துக.

இவற்றில் பலவற்றை வீட்டுப் பெண்களும் செய்யலாம். அறிந்திருத்தல் அனைவர்க்கும் கடன். வண்டியை வாங்கித் தந்த மகன் தொலைவில் இருக்கிறான். வலியோ இரவில் வருகிறது.