ராலி சைக்கிளும் டிரெஸ்டன் நகரமும்

மருமகன் கொண்டுவந்து கொடுத்த 'டிரெஸ்டன்' நாடகத்தை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி 2006 மார்ச்சில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பியது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அப்போது பார்த்தார்கள். அத்தனை பேரும் என்னைப் போலவே கொட்டாவி விட்டார்களா என்று கேட்க ஆசை.

அன்னா ஒரு நர்ஸ். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை டாக்டர். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் காயத்தோடு ஒளிந்திருப்பவன் ஆங்கிலேய விமானி. மூவருமே அழகு. அன்னாவின் அப்பா மார்பின் மருந்தைப் பதுக்குகிறார். பிறகு 1945 பிப்ரவரி 13 இரவு வருகிறது. 25,000 பேர் வரை செத்துப்போன குண்டுவீச்சு அது. ஊரே எரியும்போதும் அன்னா யார் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள் என்றுதான் நாம் தவிக்க வேண்டுமாம். தீயை நன்றாக எடுத்திருக்கிறார்கள். காதலைத்தான் எடுக்கத் தெரியவில்லை.

இந்தப் போர்க்கால நாடகக்காரர்களின் கண்ணில் கல்யாணம் ஆனவர்கள் படுவதே இல்லை. எங்கள் மலேசியாவில், ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் பாப்பான் என்ற பழைய ஈயச் சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே மெயின் ஸ்திரீட் 74ஆம் எண் கடைவீட்டில் ஜப்பான்காரன் காலத்தில் டாக்டர் கார்த்திகேசுவும் அவர் மனைவி சிபிலும் வைத்தியம் பார்த்தார்கள். அவர் சிலோன் தமிழர், இவர் யூரேசியர். மதம், இனம் என்று எல்லாத் தடையையும் தாண்டி 1919இல் செய்துகொண்ட கல்யாணம். ஜப்பான்காரன் ஈப்போவுக்குள் நுழைந்தபோது அதற்கு 22 வயது. காட்டிலிருந்து இரவில் வந்த கெரில்லாக்களுக்கு இவர்கள் மருந்து போட்டார்கள், குண்டு எடுத்தார்கள். பூட்டி வைக்கவேண்டிய காலத்தில் மருந்தை வெளியே அனுப்பியவர்கள். 1943இல் பிடிபட்டார்கள். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெத்தாய் செய்த சித்திரவதையில் சிபிலின் உடல் முறிந்தது. ஜார்ஜ் மெடல் கிடைத்தது. 1948இல் பிரிட்டனில் இறந்தார். 2010இல் அவரைப் பற்றி மலாய் மொழியில் ஒரு தொடரும் வந்தது. சரி, அவருக்காவது வந்தது.

சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போனவர்களின் மனைவிமாருக்கு என்ன வந்தது? 'குவாய் நதிப் பாலம்' என்று 1957இல் ஒரு படம் வந்தது. அதைப் போய்ச் சிலோனில்தான் படமெடுத்தார்கள். இருந்தும் 415 கிலோமீட்டர் தண்டவாளத்தில் செத்த தோட்டத்துத் தமிழனில் ஒருவனுக்குக்கூட அந்தக் கதையில் இடமில்லை.

என் தாத்தா போனார், திரும்பியும் வந்தார். சுங்கை சிப்பூட் பக்கத்து ரப்பர் தோட்டம். மூன்று மாத வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது லயத்துப் பின்புறத்தில் தன் ராலி சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக்கூட அதை எடுத்துப் போகமாட்டார், சேறு படுமாம். மரவள்ளிக்கிழங்கும் தீர்ந்து பிள்ளைகளுக்குக் கால் வீங்கத் தொடங்கியபோது பாட்டி அதைத் தள்ளிக்கொண்டு போய் பட்டணத்துக் கடையில் கொடுத்துவிட்டு அரிசி வாங்கி வந்தாள்.

சண்டை ஓய்ந்து, எலும்பும் தோலுமாகத் தாத்தா வந்து சேர்ந்தார். சயாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யார் செத்தார்கள், யார் புதைத்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் சைக்கிளைப் பற்றிச் சாகிற வரைக்கும் பேசினார். சோற்றில் உப்புக் குறைந்தாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"சைக்கிள எவனுக்குடி கொடுத்த?"

"சோத்துக்குக் கொடுத்தேன். ஏன், மறுபடியும் சயாமுக்கு அதுல போகப் போறீங்களா?"

எவ்வளவு அரிசி என்ற கணக்கு ஒவ்வொரு தடவையும் மாறும். அவளுக்குக் கோபம் வந்தால் அரை மூட்டை. நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு மூட்டை. தாத்தா எப்போதும் கால் மூட்டை என்றே பிடிவாதம் பிடிப்பார். அவள் ஏமாந்துவிட்டாள் என்பது அவர் கட்சி. பிள்ளைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பது அவள் கட்சி. கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து காப்பி கலக்கப் போவார்கள். பெரும்பாலும் தாத்தாதான் போவார். அந்தத் தலைமுறையில் எங்கள் லயத்தில் மனைவிக்குக் காப்பி கலக்கிய ஆண் வேறு யாரும் இல்லை என்று என் அம்மா சொல்வாள்.

இதைக் காதல் என்று சொன்னால் பாட்டி என்னைத் துடைப்பத்தால் அடித்திருப்பாள். இருந்தாலும் அன்னாவும் அவள் விமானியும் மூன்று மணி நேரம் கண்ணோடு கண் பார்த்ததைவிட எனக்கு இது எவ்வளவோ மேல்.

கதை கிடைக்கவில்லை என்று எந்தத் தயாரிப்பாளரும் சொல்லக்கூடாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. உங்கள் வீட்டில் தொண்ணூறு தாண்டியவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய் உட்காருங்கள். சயாமைப் பற்றிக் கேட்காதீர்கள், வாய் திறக்கமாட்டார்கள். அரிசிக்காக வீட்டில் எதை விற்றார்கள், அதற்கு யார் கோபித்துக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.