இடுப்பில் ஒரு கை

கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பிரசவ அறையில் கட்டில் காலியாகக் கிடக்கிறது. அவள் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக் குனிந்து நிற்கிறாள். பின்னால் பெரியம்மா. வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடுப்பெலும்பை அழுத்துகிறார். இறங்கியதும் கையை எடுத்துவிடுகிறார். எப்போது ஏறுகிறது என்று அவள் சொல்ல வேண்டியதில்லை. முதுகு இறுகுவதைப் பார்த்தே பெரியம்மாவுக்குத் தெரிகிறது.

“கீழ... இன்னுங் கீழ பெரீம்மா.”

“இங்கயா அம்மிணி?”

“ம்.”

இரவு சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார்களாம். சூட்டு வலி என்றால் அடங்கும், பிள்ளை வலி என்றால் கூடும் என்பார்கள். கூடியது. கிளம்பி வந்துவிட்டார்கள்.

பெற்ற தாய் வெளியே பெஞ்சில் இருக்கிறார். உள்ளே துணைக்கு ஒருவர்தான். பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-இல் இதற்கு வழி செய்தார்கள். அதற்கு முன்பு எத்தனை பெண்கள் அந்நிய முகங்களுக்கு நடுவே தனியாகக் கிடந்து பெற்றார்களோ, நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மகள் துடிப்பதைப் பார்த்தால் அம்மா தானும் அழுதுவிடுவார் என்று, பெரியம்மாவை வரச்சொன்னது அவளேதான். மிகச் சரியாகத் தேர்ந்திருக்கிறாள்.

அரை மணிக்கு ஒருமுறை சிஸ்டர் வருகிறார். டாப்ளரை வயிற்றில் வைத்ததும் குதிரை ஓடுவதுபோல் அறையெங்கும் சத்தம். “நூத்தி நாப்பது. புள்ள நல்லா இருக்குது.” நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடித்தால் பயமில்லை. பேறுகால அட்டவணையில் குறித்துக்கொள்கிறார். உள்பரிசோதனைக்கு முன்னால், “கை வெக்கப் போறேன் கண்ணு, வலிச்சாச் சொல்லு, நிறுத்திக்கறேன்” என்கிறார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் இந்தத் துணைக்கு டூலா எனப்படும் பயிற்சி பெற்றவர்கள் கூலிக்கு வருகிறார்கள். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை 2017-இல் காக்ரேன் தொகுத்தது. விடாமல் ஒருவர் கூட இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று அதில் தெரிந்தது. பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வெந்நீர் ஒரு வாய் கொடுக்கிறார். முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறார். பனிக்குடம் உடைந்து தரை நனைந்தபோது, “நல்லதுதான் சாமி, வழி விடுது” என்று பாவாடையை மாற்றிவிடுகிறார்.

பிறகு அந்த நேரம் வந்தது.

“என்னால முடியாதுங்க. ஆபரேசன் பண்ணி எடுத்துருங்க.”

சிஸ்டர் அதட்டவில்லை. பெரியம்மாவும் ‘உன்னால முடியும்’ என்று தேற்றவில்லை. அவள் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தினார்.

“முடியலதான் அம்மிணி. எனக்கும் அன்னிக்கு முடியல. என் கண்ணப் பாரு. மூச்ச விடு, என்னோட சேந்து விடு.”

இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். அடுத்த வலிக்கு அவள் கத்தவில்லை, அடித்தொண்டையிலிருந்து முனகினாள். அதைக் கேட்டதும் சிஸ்டர் கையுறையை மாட்டினார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தலை, தோள், வழுக்கிக்கொண்டு உடம்பு. பெண் குழந்தை. துடைத்து அப்படியே தாயின் நெஞ்சில் போட்டார்கள். ரத்தப்போக்கு மிஞ்சாமலிருக்கத் தொடையில் ஆக்ஸிடோசின் ஊசி. தொப்புள்கொடியின் துடிப்பு நிற்கும்வரை காத்திருந்து வெட்டினார் சிஸ்டர். பெரியம்மாவின் மணிக்கட்டில் நகம் பதிந்த தடங்கள் சிவந்திருந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. குழந்தையின் வாயை மார்புக் காம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு எழுந்தார். சேனை வைக்க.

“வேண்டாங்க சம்பந்தி. சீம்பால் குடிச்சிட்டிருக்குது. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டுந்தான்னு சிஸ்டர் சொல்லீட்டாங்க.”

“ஒரு சொட்டுதானுங்களே?”

“ஒரு சொட்டும் வேண்டாங்க. அம்மிணிக்கு வேணா ஒரு டம்ளர் பால் வாங்கீட்டு வரச் சொல்லுங்க, ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடல.”