சோதித்தறிவது அவமதிப்பாகுமா?



ஒருவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது, அவரை அவமதிப்பதாகுமா? இந்த வாரம் இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன். எனக்குள் இதை எழுப்பியது, எங்கள் சபை வளாகத்து நீர்மூழ்கி மோட்டார்.

புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உண்டு. மண்ணாடிப்பட்டு கொம்யூன் வழியாகச் சங்கராபரணி ஆறும் ஓடுகிறது. ஆயினும் இன்று எங்கள் கிராமங்களில் குடிக்கவும் விளைவிக்கவும் மக்கள் பெரிதும் நம்பியிருப்பது ஆழ்துளைக் கிணற்றையே. எங்கள் சபையின் போரிலிருந்து மதிலுக்கு வெளியே ஒரு குழாய் வைத்திருக்கிறோம். தெருவில் பத்து வீட்டார் அதில் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஞானஸ்நானத் தொட்டி நிரம்புவதும் அதே தண்ணீரால்தான்.

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின வாரம் மோட்டார் நின்றது. ஸ்விட்சைப் போட்டால் பேனல் பெட்டியில் ஆம்பியர் முள் கடைசிவரை ஏறும். சில நொடிகளில் ட்ரிப் ஆகிவிடும். மெக்கானிக் வந்தார், ஒருமுறை போட்டுப் பார்த்தார். "காயில் எரிஞ்சு போச்சு பாஸ்டர். மேல தூக்கிக் காயில் கட்டணும்" என்றார். 180 அடி ஆழத்திலிருந்து குழாயோடு தூக்கும் கூலியும் காயில் கட்டும் செலவும் சேர்த்து 14,000 ரூபாய் கேட்டார். சபையின் பராமரிப்புக் காணிக்கையில் அவ்வளவு இல்லை. இருந்ததில் பெரும்பகுதி, நாற்று நட்டும் களை பறித்தும் சம்பாதிக்கும் சகோதரிகள் கொண்டுவந்து போட்டது.

எங்கள் சபை மூப்பர் ஒருவர் விவசாயி. அவர் கோபப்படாமல் கேட்டார்: "தம்பி, கண்டன்சர் போனாலும் முள் இப்படித்தானே ஏறும்? பெட்டியைத் திறந்து பார்த்துட்டியா?"

அந்தக் கேள்வியில் இருந்த நியாயத்தை விளக்க வேண்டும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது. அதைத் தொடங்கிவைக்கப் பேனல் பெட்டிக்குள் இருக்கும் கண்டன்சர் உதவுகிறது. அது வலுவிழந்தால் மோட்டார் சுழலாமல் மின்சாரத்தை மட்டும் இழுக்கும். காயில் எரிந்து ஷார்ட் ஆனாலும் மின்சாரம் மிகுதியாகவே இழுக்கப்படும். நோய் இரண்டு, வெளியே தெரியும் அறிகுறி ஒன்று. எது என்று அறிய மோட்டாரைத் தூக்க வேண்டியதில்லை. பெட்டிக்கு வரும் கேபிள் முனைகளைக் கழற்றி மல்டிமீட்டரால் காயிலின் தடையை அளக்கலாம். மெக்கர் வைத்து, மின்சாரம் பூமிக்குக் கசிகிறதா என்றும் பார்க்கலாம்.

மெக்கானிக்கின் முகம் வாடியது. நான் அவரிடம், "தம்பி, உங்கள் வார்த்தையைச் சந்தேகிக்கவில்லை. இது சபையாரின் பணம்; அவர்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டும். சோதிப்பதற்கான கூலியைத் தனியே தந்துவிடுகிறோம்" என்றேன். அவர் திருக்கனூர் சென்று மெக்கரை இரவல் வாங்கிவந்தார். காயிலில் குறையில்லை. கண்டன்சரின்மேல் 50 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டரோ 17 காட்டியது. சில நூறு ரூபாயில் புதியது மாட்டினார். அன்று மாலையே குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன.

ஐப்பசி மழையில் மோட்டார் மறுபடியும் நின்றது. அதே மெக்கானிக்கையே அழைத்தோம். இம்முறை கேட்கும் முன்பே அவர் மெக்கரை எடுத்தார். முள் பூஜ்யத்தில் நின்றது. மல்டிமீட்டரும் அதையே சொன்னது. "இந்த வாட்டி காயில்தான் பாஸ்டர்" என்றார். மூப்பரும் பார்த்துத் தலையசைத்தார். முழுச் செலவையும் முறுமுறுப்பின்றிச் சபை ஏற்றது.

பிரியமானவர்களே, அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தில் பெரோயா பட்டணத்தாரைக் காண்கிறோம். பவுலும் சீலாவும் பிரசங்கித்ததை அவர்கள் மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள். அது மெய்யோவென்று அனுதினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்த்தார்கள். இதற்காக லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்கிறார். பவுல் மனம் புண்பட்டதாக அங்கே எழுதப்படவில்லை. ஆராய்ந்ததன் முடிவு அவிசுவாசமும் அல்ல. அவர்களில் அநேகர் விசுவாசித்தார்கள். நன்றாய்ச் சோதித்தவர்களே உறுதியாய் நம்பினார்கள்.

நம் கிராமங்களில் எளியவர்கள் பலமுறை கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். மருத்துவர் சொன்னார், பத்திரம் எழுதுபவர் சொன்னார், போதகர் சொன்னார் என்று வாய்மூடிப் போகிறார்கள். வேறு சிலரோ, எல்லாரையும் திருடரென்று எண்ணிச் சண்டையிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: "எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கும் காட்டுங்கள்" என்று தாழ்மையோடு கேட்பது, காட்டியது மெய்யானால் மனப்பூர்வமாய் ஏற்பது, அதற்காக உழைத்தவனுக்கு உரிய கூலியைக் கொடுப்பது.

என் பிரசங்கத்தையும் இவ்விதமே கேளுங்கள். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். புரியாததைக் கேளுங்கள், நான் வருந்தமாட்டேன்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, மெய்யைத் தேடும் பொறுமையையும், தேடும்போது பிறனைப் புண்படுத்தாத நாவையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.