தாம்பரம் தாண்டி

கடற்கரையில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். கோட்டையில் ஏறினால் எங்காவது ஓர் இடம். பூங்கா நிலையத்திலோ, சென்ட்ரலில் இறங்கிய கூட்டமும் சேர்ந்து ஏறுவதால் தொங்கும் கைப்பிடிதான். சாயங்காலம் செங்கல்பட்டு லோக்கலில் வீடு திரும்பும் எங்களுக்கு இது மனப்பாடம்.

1931-ல் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர் கேஜில் மின்சார ரயில் விட்டபோது மாம்பலமே புதுக் குடியிருப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றவைத்துத்தான் 1920-களில் தியாகராய நகரை எழுப்பினார்கள். இன்று அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் கிளம்புகிறவர்கள் கூடுவாஞ்சேரியில் மனை பார்க்கிறோம். நான் கிளம்பியபோது பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி தங்கிட்டுத்தான் வரணுமாடா?" கிரகப்பிரவேசத்துக்கு வெளியூர்ப் பயணம்போல ஒரு தூக்கு நிறையப் புளியோதரையோடு வந்திறங்கினார். சமையல்காரர் வழி தெரியாமல் ஊரப்பாக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது எல்லோருக்கும் பசியாற்றியது அந்தத் தூக்குதான்.

மாம்பலத்தில் ரங்கநாதன் தெருவின் துணிப்பைகளெல்லாம் ஏறிவிடும். கிண்டி தாண்டிக் கொஞ்சம் மூச்சுவிட இடம் வந்ததும் ஒரு பெண் மடியில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரைக் கட்டைப் பிரிப்பார். காம்பைப் பிடித்து விரலால் ஓர் உருவு. இலை தாளில் உதிரும், ஈர்க்கு பைக்குள் போகும். பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே ஒரு கொத்தை எடுத்துக்கொள்வார். மகளுக்கு வரன், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று பேச்சு ஓட, குரோம்பேட்டை வருவதற்குள் கீரை ஆய்ந்து முடிந்திருக்கும். இந்த இரண்டு பேரும் ரயிலுக்கு வெளியே சந்தித்துக்கொண்டதே இல்லையாம்!

பல்லாவரத்தில் நின்று பார்க்க நிறைய இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863-ல் இங்கேதான் கற்கால மனிதனின் கல் கருவியைக் கண்டெடுத்தார். மறைமலையடிகள் 1911-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வேலையை விட்டுவிட்டுக் குடிவந்ததும் இங்கேதான். அவர் விட்டுவந்த கல்லூரியும் 1937-ல் பாரிமுனையிலிருந்து பெயர்ந்து, இதே தடத்தில் அவரைத் தாண்டிக் கிழக்குத் தாம்பரத்துக்குப் போய்விட்டது. பூங்கா நிலையத்துப் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை 1985-ல் வண்டலூருக்குப் போனது. வெளியூர்ப் பேருந்து நிலையம் 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்கு வந்தது. வீடு தேடி வந்த நாங்கள் மட்டுமல்ல, நகரமே இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே நகர்கிறது.

நகர்கிற வேகத்தில் ஒன்றை மறந்துவிடுகிறோம். தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியது. மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் வந்து மீட்டார்கள். மனை வாங்க வருகிறவர்கள் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்கிறார்கள். ஏரிக்கரை எவ்வளவு தூரம், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். பட்டாவைப் பார்ப்பதற்கு முன்பே கேளுங்கள்.

தாம்பரத்தோடு பல வண்டிகள் நின்றுவிடும். அதற்கு மேல் போகிறவர்கள் நடைமேடையில் காத்திருப்போம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம். அப்புறம் பல்லாவரத்துத் தமிழறிஞரின் பெயரைத் தாங்கிய மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர். கடைசியில் கொளவாய் ஏரியை ஒட்டி ஓடி வண்டி செங்கல்பட்டில் நிற்கும்.

2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. கலெக்டரிடம் மனு கொடுக்க நாங்கள் இப்போது தெற்கே போகிறோம். போன வாரம் அப்படித்தான் காலையில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். பெரியம்மாவும் துணைக்கு வந்தார். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் ஏறிய மாணவர்களும் அலுவலர்களும் பெட்டியை நிரப்பியிருந்தார்கள். உட்கார இடம் இல்லை.