யார் மறுக்கிறார்?

வாதக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "இதை யார் மறுக்கிறார்?" கேள்வி என் சொந்தச் சரக்கல்ல, என் நெறியாளரிடம் கற்றது. தலைப்புத் தாளை வாங்கியதும் பென்சிலால் ஓரத்தில் இரண்டு கோடு இழுப்பார். ஒன்றில் ஆதரிப்பவர் பெயர், மற்றதில் எதிர்ப்பவர் பெயர். 'சிலர்', 'சமூகம்' எல்லாம் செல்லாது. சங்கமோ அலுவலகமோ ஆளோ, பெயர் வேண்டும். ஒரு கோடு காலியாக இருந்தால் தாள் வந்த வழியே திரும்பிவிடும். கோபிக்க மாட்டார். அடுத்த வாரமும் அதே இரண்டு கோடுதான்.

மண்ணச்சநல்லூர்ப் பையன் ஒருவன் 'காவிரியைக் காப்போம்' என்று கொண்டுவந்தான். காக்க வேண்டாம் என்பவர் யாரும் அகப்படவில்லை. பேச்சு முக்கொம்புக்குத் திரும்பியது. அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய மேலணையில், 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. மணல் அள்ளியதே காரணம் என்றார்கள் விவசாயிகள். இல்லை என்றது அரசு. இரண்டு கோடும் நிரம்பின. ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. ஆற்றுப் படுகை எவ்வளவு இறங்கியது என்ற கணக்கை பி.ஏ. படிக்கிறவன் எப்படி எடைபோடுவான்? சிவில் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல தலைப்பு. இவனுக்குக் கேள்வியை மாற்றினோம்: கொள்ளிடத்தில் மணல் குவாரி திறக்கக் கரையோர ஊராட்சியின் ஒப்புதலைக் கட்டாயமாக்க வேண்டுமா? கிராமசபைத் தீர்மானம், அரசாணை, தீர்ப்பு, எல்லாம் அவனால் படிக்க முடிந்தவை. மணல் ஏற்றும் மாட்டுவண்டிக்காரர்களிடமும் போய்ப் பேசினான்.

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. இரண்டு பக்கமும் பேசிவிட்டு 'இரண்டுமே தேவை' என்று முடிக்கும் பழக்கம் பிள்ளைகளின் கையில் ஊறியிருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு இடம் தரும் தலைப்பை நான் எடுப்பதேயில்லை.

என்னிடம் வந்தவற்றில் திருச்சி காந்தி மார்க்கெட்தான் சரியான தலைப்பு. கொண்டுவந்தவள் அங்கே மூட்டை தூக்கும் ஒருவரின் மகள். மணிகண்டம் பக்கம் கள்ளிக்குடியில் 2017-இல் மொத்தச் சந்தை வளாகம் திறந்தார்கள். மார்க்கெட் வியாபாரிகள் போகவில்லை. 'இடமாற்றம் நல்லதா கெட்டதா' என்று எழுதியிருந்தாள். யாருக்கு நல்லது, எந்த வியாபாரத்தை மாற்றுவது என்று கேட்டுக் கேட்டு அறுத்தோம். மொத்த வியாபாரம் மட்டும் போய், சில்லறை இங்கேயே இருக்கலாமா என்பதில் வந்து நின்றது. விடிவதற்கு முன் லாரி இறங்கும் நேரத்தில் அப்பாவோடு போய் உட்கார்ந்தாள். வியாபாரிக்கும் அரசுக்கும் நடக்கும் சண்டை என்று நினைத்துப் போனவள், ஸ்ரீரங்கத்திலிருந்தும் துவாக்குடியிலிருந்தும் வந்து ஒரு மூட்டை, அரை மூட்டை எடுத்துப் போகும் சிறு கடைக்காரர்களைப் பார்த்தாள். இவர்கள் கள்ளிக்குடிக்கு எந்த பஸ்ஸில் போவார்கள்? செய்தித்தாள் நறுக்குகளில் அந்தக் கேள்வி அவளுக்குக் கிடைத்திருக்கவில்லை. கடைசியில் அப்பாவின் பிழைப்புக்கு எதிராகவே, நிபந்தனையோடு மாற்றலாம் என்று முடித்தாள். வைவாவில் அவளை அசைக்க முடியவில்லை.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கோயிலைத்தான் கொண்டுவருவார்கள். ராஜகோபுரம் 1987-இல் முடிந்தது, 236 அடி. இவை தகவல்கள், வாதத்துக்கு இடமில்லை. பெருமாளின் மகிமையும் அப்படித்தான், நம்பிக்கையை நிரூபிக்கச் சான்று தேடக் கூடாது. ஆனால் உத்திர வீதி, சித்திரை வீதிகள் மதிலுக்குள்ளேயே இருக்கின்றன, அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய ஓட்டுவீட்டை இடித்து மாடி எழுப்ப வீட்டுக்காரருக்கு எவ்வளவு உரிமை? புனரமைப்புக்காக 2017-இல் யுனெஸ்கோ விருது பெற்ற கோயிலைச் சுற்றி இந்தக் கேள்வி நன்றாகவே நிற்கும். இரண்டு தரப்பும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன.

என்னிடம் வருமுன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் எதிர்க்கும் தரப்பை, அவர்களே படித்து 'ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி அரைப் பக்கம் எழுதுங்கள். அப்படி எழுத வரவில்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள்.