பைக்கு அடியில் இருந்த குளுக்கோஸ்

பொங்கல் முடிந்த வாரம். காலை ஐந்தரை மணிக்கு ராமநாதபுரத்தில் ஒரு விடுதி வாசலில் நான்கு சைக்கிள்கள் கிளம்பத் தயாராக நின்றன. மதுரையில் ஒரே வகுப்பில் படித்த நான்கு நண்பர்கள். ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், எலெக்ட்ரீஷியன், வங்கிக் காசாளர். நால்வருக்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது.

முதல் நாள் மானாமதுரை, பரமக்குடி வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வந்திருந்தார்கள். ராமேஸ்வரத்துக்கு இன்னும் சுமார் 55 கிலோமீட்டர்தான். அங்கிருந்து 20 கிலோமீட்டர் போனால் தனுஷ்கோடி. சாயங்காலத்துக்குள் தொட்டுவிடலாம் என்பது திட்டம்.

அந்தத் திட்டத்தில் வாடைக்காற்றைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். ஊர் எல்லையைத் தாண்டியதும் இடப்பக்கம் முன்னாலிருந்து காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நேற்று சுலபமாக ஓடிய வண்டி இன்று கல்லைக் கட்டி இழுப்பதுபோல் இருந்தது.

உச்சிப்புளியில் டிபன். மற்றவர்கள் இட்லியும் பொங்கலும் வெளுத்துக் கட்ட, காசாளர் மட்டும் இரண்டு இட்லியோடு கை கழுவிவிட்டார். "வயிறு முட்டச் சாப்பிட்டா மிதிக்க முடியாதுடா" என்றார். சாலையோரத்தில் பனங்கிழங்கு விற்றார்கள். அதையும் அவர் தொடவில்லை.

மண்டபத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும்போது அவர் பின்தங்க ஆரம்பித்தார். முதல் நாள் எல்லோருக்கும் முன்னால் பறந்தவர் அவர்தான். காத்திருந்து கேட்டதற்கு, "நீங்க போங்கடா, எனக்கு ஒண்ணுமில்ல!" என்று எரிந்து விழுந்தார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. குளிர்ந்த காற்றிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்த கை நடுங்கியது.

எலெக்ட்ரீஷியனுக்குப் புரிந்துவிட்டது. அவருடைய அம்மா பத்து வருஷமாகச் சர்க்கரை நோயாளி. "டேய், உனக்கு சுகர் இருக்கா?"

காசாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

மளிகைக் கடைக்காரர் கடலை மிட்டாயை நீட்ட, "அது அப்புறம். கடலையில எண்ணெய் இருக்கு, சர்க்கரை ரத்தத்துல சேர லேட்டாகும்" என்று எலெக்ட்ரீஷியன் தடுத்தார். காசாளர் தன் பையைக் கை காட்டினார். துணிகளுக்கு அடியில், பிரிக்காத குளுக்கோஸ் பாக்கெட். மனைவி வைத்து அனுப்பியது. வெளியே எடுத்தால் கேள்வி வரும் என்று இரண்டு நாளாக அவர் அதைத் தொடவே இல்லை.

சுமார் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு வேப்பமர நிழலில் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். நடுக்கம் நின்று, முகம் தெளிந்தது. பிறகுதான் கடலை மிட்டாயும் பன்னும். சில வகை சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இப்படி உழைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முந்தின நாள் உழைப்பின் தாக்கம்கூட மறுநாள் வரை தொடரும்.

"எத்தனை நாளாடா?"

"ரெண்டு வருஷம். சொன்னா என்னைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டீங்க."

அதற்கு யாரும் உடனே பதில் சொல்லவில்லை. உண்மையிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருப்போமோ என்று மூவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியது.

மறுபடி கிளம்பியபோது வரிசை மாறியது. மூன்று பேரும் முறை வைத்து முன்னால் போய்க் காற்றை வாங்கினார்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி வந்தால் பின்னால் வருகிறவருக்குக் கணிசமான உழைப்பு மிச்சம். காசாளருக்கு எப்போதும் இரண்டாவது இடம்தான். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர், ஒரு வாய் தீனி.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் மேல் காற்று சைக்கிளையே சாய்த்தது. நால்வரும் இறங்கி, வரிசையாகத் தள்ளிக்கொண்டே கடந்தார்கள். கீழே மீன்பிடிப் படகுகள் பொம்மைகளைப்போல ஆடின. பக்கத்தில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலம்.

ராமேஸ்வரம் சேரும்போது மதியம் இரண்டு மணி. "என்னால உங்க தனுஷ்கோடி போச்சே" என்றார் காசாளர்.

"அறுபத்தி நாலு புயலுக்கே மிச்சம் இருக்குற மண்ணு. நாளைக்கு எங்கடா ஓடிடப் போகுது?" என்றார் ஆசிரியர்.

இரவு சாப்பாட்டு மேஜையில் காசாளர் மாத்திரை அட்டையை முதல்முறையாக எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்தார். ஒரு நிமிடம் கழித்து ஆசிரியர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். பி.பி. மாத்திரை. மளிகைக் கடைக்காரர் பேன்ட்டைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். முழங்காலில் உறை.

மூவரும் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தார்கள்.

"என்னடா பாக்குறீங்க? எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு மெதுவாக, "கொலஸ்ட்ரால் மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

சிரிப்புச் சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காசாளர் சர்வரைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.