மோட்டார் ரஸிகர்கள்

சங்கீத ரஸிகர்கள், நாட்டிய ரஸிகர்கள் என்று உலகத்தில் பலவகை ரஸிகர்கள் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். மோட்டார் ரஸிகர்கள் என்றொரு வகுப்பாரும் உண்டு என்பதை, நமது தகப்பனார் காலமாகி அவருடைய அம்பாஸிடர் வண்டி நமது பொறுப்புக்கு வந்த பின்னரே நாம் அறிந்தோம்.

நாம் சேலத்தில் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயர். வண்டியோ 1986-ம் வருஷத்தது. ஞாயிறுதோறும் காலையில் ஒரு மெக்கானிக் கொட்டகையில் மூன்று நண்பர்கள் கூடுவார்கள். நம் வண்டி அங்கே போய் நின்ற தினத்திலிருந்து அவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

பாங்கி உத்தியோகஸ்தர் வேகக் கட்சி. "1489 ஸி.ஸி. பெட்ரோல் என்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர், ஸார்? பின்னால் வந்த 1817 ஸி.ஸி. இஸுஸு என்ஜினைத் தூக்கி வையும். வண்டி பறக்கும்!" என்பார்.

பல் வைத்தியர் அலங்காரக் கட்சி. அகலமான டயர், பெரிய அலாய் சக்கரம், சிம்ம கர்ஜனை செய்யும் சைலென்ஸர் இவை இல்லாத வண்டியை அவர் வண்டியென்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஜவுளி வியாபாரி விலைக் கட்சி. "1983-ல் மாருதி 800 ஏறக்குறைய அரை லட்ச ரூபாய்க்கு வந்தது, தேசமே அதன் பின்னால் ஓடியது. 2009-ல் நானோ ஒரு லட்சத்துக்கு வந்தது, ஒருவரும் ஓடவில்லை. ஏன்? மலிவான வண்டி என்று பெயர் வாங்கிவிட்டது! விலை குறைவாக இருக்கலாம், ஐயா, குறைவு என்று அண்டை வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது" என்பது அவருடைய பொருளாதாரம்.

நம் வண்டி சுதேசியா என்பதிலும் ஒரு தர்க்கம் உண்டு. உத்தரபாராவில் செய்யப்பட்டதாயினும், அதன் உருவம் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கில வண்டியுடையது. உற்பத்தி 2014-ல் நின்றது. பெயர் மட்டும் 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்குப் போயிற்று. "வண்டி போனாலும் பெயருக்கு விலை இருக்கிறது பாரும்!" என்று வியாபாரி பெருமூச்சு விட்டார்.

என்ஜினை மாற்ற நமது சம்பளம் இடங்கொடுக்கவில்லை. உற்பத்தியாளர் விதித்த அமைப்பினின்றும் வண்டியை மாற்றலாகாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிய தீர்ப்பும் நினைவுக்கு வந்தது. ஆயினும் சபலம் யாரை விட்டது? பெரிய சக்கரங்களை மட்டும் பூட்டிக்கொண்டோம். பிரேக்கைப் பற்றி நாமும் நினைக்கவில்லை, ரஸிகர்களும் பேசவில்லை. பிரேக்கில் ரஸிக்க என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் தாயாரையும் மனைவியையும் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். ஏறியது சுகமாகவே இருந்தது. இறங்கும்போது வியாபாரியின் உபதேசம் நினைவுக்கு வந்தது: "இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்." அப்படியே செய்தோம். சக்கரம் பெரிதானால் வேகமானி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பதையும் மறந்தோம்.

சில கொண்டையூசி வளைவுகள் கடந்ததும் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. அதற்கடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தோம், வண்டி கேட்கவில்லை. பலங்கொண்ட மட்டும் மிதித்தோம், அப்போதும் கேட்கவில்லை. எதிரே ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. பற்சக்கரங்கள் அலற இரண்டாவது கியரில் தள்ளி, கைப்பிரேக்கை இழுத்து, மலைச்சுவர்ப் பக்கம் வண்டியை உராயவிட்டோம். புதுச் சக்கரம் ஒன்று கல்லில் மோதி உடைந்தது. வண்டி நின்றது. பஸ் நம்மை ஒட்டிக்கொண்டு போயிற்று.

நமது கை நடுங்கிற்று. இருபது வருஷமாக வகுப்பில் சொல்லும் பாடந்தானே இது! ஒன்றரை டன் பாரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழிறங்கினால் அந்தச் சக்தி எங்கேயாவது போக வேண்டும். கியரில் இருந்தால் என்ஜின் அதில் பெரும்பகுதியைத் தாங்கும். நியூட்ரலில் போட்டால் அவ்வளவும் உஷ்ணமாகிப் பிரேக் டிரம்மில் இறங்கும். டிரம் சூடேறி விரியும்; லைனிங் பிடிப்பை இழக்கும். மாணவன் ஒருவன் இதைத் தவறாக எழுதியிருந்தால் மார்க்கைக் குறைத்திருப்போம்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "ஏண்டா, உங்கப்பா ஏறின கியரிலேதானே இறங்குவார்? எத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய்!" என்றாள்.

அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்போம்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஏறிய கியரிலேயே மெல்ல இறங்கி வீடு சேர்ந்தோம். மிஞ்சிய மூன்று சக்கரங்களை வந்த விலைக்கு விற்று, புதிய லைனிங்கும் பிரேக் ஆயிலும் போட்டோம். பழைய சக்கரங்கள் திரும்ப ஏறின.

ஞாயிறன்று கொட்டகைக்குப் போனபோது, "ஏதாவது புதிதாகப் போட்டீரா?" என்று பல் வைத்தியர் ஆவலுடன் வண்டியைச் சுற்றி வந்தார்.

"பிரேக் லைனிங்" என்றோம்.

"அது வெளியே தெரியாதே!" என்று அவர் மிகவும் வருத்தப்பட்டார்.